வெயிட்டிங் ஷெட்டில் நிற்காத வண்டி

எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கென்று ஒரு வெயிட்டிங் ஷெட் உண்டு. பஸ் அங்கே நிற்காது. ஷெட்டைத் தாண்டி, ஒரு சின்ன ஏற்றத்தையும் ஏறிப் போய், மேலே இருக்கும் மாமரத்தடியில்தான் நிற்கும். அப்படியானால் மாமரத்தடியிலேயே போய் நின்றுகொள்ள வேண்டியதுதானே என்று ஊருக்குப் புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். ஒருநாள் நின்று பார்ப்பார்கள். மறுநாள் கேட்கமாட்டார்கள். அந்த மரம் முழுக்க முசுறு. இலைகளைச் சுருட்டிக் கூடு கட்டிக்கொண்டு குடியிருக்கும் சிவப்பு எறும்பு. கீழே ஓர் ஆள் நிற்பது தெரிந்தால் போதும், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல் குடும்பத்தோடு இறங்கிக் கழுத்துக்குள் போய்விடும். மரத்தடி நிழலில் வண்டியை நிறுத்தும் டிரைவருக்கு ஒன்றும் ஆகாது. அவருக்குக் கூரை இருக்கிறது.

ஷெட்டுக்குள்ளேயும் நாங்கள் நின்றதில்லை. அதில் ஆடுகள் இருந்தன. எங்களோடு அதே வண்டியில் டவுனுக்குக் கீரை கொண்டுபோகிற அக்காவின் ஆடுகள். காலையில் கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போதே ஆடுகளையும் ஓட்டிவந்து ஷெட்டின் தூணில் கட்டிவிடுவாள். "மழையில நனையாம நிக்கட்டும், பாவம், வாயில்லாச் சீவன்" என்பாள். வாயுள்ள சீவன்களாகிய நாங்கள் குடை பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். வண்டி வரும் சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு முந்தானையையோ வேட்டியையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஓடுவோம். ஏறியதும் ஒருவர் முதுகிலிருந்து ஒருவர் எறும்பு எடுத்துப் போடுவோம். இதில் எங்களுக்குக் குறை இருப்பதாகக்கூட அப்போது தோன்றவில்லை. பஸ் பிடிப்பது என்றால் இதுதான் என்று நினைத்திருந்தோம்.

எலப்புள்ளியிலிருந்து உள்ளே தள்ளி, கோயமுத்தூர்ப் பேச்சு பேசுகிற ஊர் எங்களுடையது. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை, இரண்டு மாடு. எனக்குப் பாலக்காட்டு டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, முகத்துக்குப் பொருந்துகிறது என்று சொல்வது, பொருந்தாவிட்டாலும் சொல்வது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஓடினேன். பாதி வழியில் இடது காலில் இருந்தது கழன்று பறந்து பக்கத்து வயலில் விழுந்தது. திரும்பிப் போனால் வண்டி போய்விடும். ஒற்றைச் செருப்போடு ஏறிவிட்டேன். கடையில் அன்றைக்கு முழுக்க மேசைக்குப் பின்னாலேயே நின்றேன். வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெளிவா தெரியுது. நீங்க ஏன் ஒத்தைச் செருப்புல நிக்கறீங்க?" என்று கேட்டார். நல்ல கண்ணாடி, தூரத்துக்கும் சரி, மேசைக்கு அடியிலும் சரி.

மறுநாள் வண்டியில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கல்பாத்தி மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர், பேங்க்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கஞ்சிக்கோட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகன் எங்கள் ஊரில் வீடு கட்டியதால் எங்களோடு வந்து சேர்ந்தவர். காலையில் டவுன் கோயிலுக்குப் போவதற்காக இதே வண்டியில் வருவார். ஓய்வு பெற்றபிறகு அவருக்குக் கூட்டம் போட ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டே இருந்தது.

"இது சிரிக்கற விஷயம் இல்லே, கேட்டேளா. ஷெட் இருக்கற இடத்திலே வண்டி நிக்கணும். வண்டி நிக்கற இடத்திலே ஷெட் இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா அது எந்த ஊர் நியாயம்? நாம ஒரு சங்கம் ஆரம்பிப்போம். பஸ் ஆபீசுக்கு ஒரு நிவேதனம் கொடுப்போம்" என்றார்.

மனு என்பதற்கு மலையாளத்தில் நிவேதனம். ஆனால் கீரைக்கார அக்கா கோயிலுக்குப் போகிறவள். "சக்கரைப் பொங்கலுங்களா, பாயசமுங்களா? பொங்கலுன்னா அரிசி நான் தாறனுங்க" என்றாள்.

இப்படித்தான் எங்கள் பயணிகள் சங்கம் தொடங்கியது.

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு ஹாலில் நடந்தது. ஊரில் பாதிப் பேர் வருவார்கள் என்று மாமி ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காப்பி போட்டிருந்தாள். வந்தது மாமாவையும் சேர்த்து நாலு பேர். மாமா, நான், கீரைக்கார அக்கா, டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருவர். அவருக்கு ஒரு பழக்கம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். டவுன் வந்ததும் எழுந்திருக்கமாட்டார். வண்டி திரும்பி எங்கள் ஊருக்கே வரும்போதுதான் விழிப்பார். மாதத்தில் சில நாட்கள் அவர் மனைவி வாசல் தெளித்து முடிப்பதற்குள் அவர் வேலைக்குப் போய்விட்டு வந்ததுபோல் வந்து நிற்பார். எல்லோரும் அவரைத் தூக்கத்தார் என்றுதான் சொல்வோம். அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

"ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கோ. பொதுவா இருக்கணும். சொந்த விஷயம் கூடாது" என்றார் மாமா.

கீரைக்கார அக்கா முதலில் சொன்னாள். "கூடைக்கு ஒரு சீட்டு வேணுமுங்க. மனுசன் நின்னுக்கிட்டு வரலாம். முருங்கைக்கீரை நின்னுக்கிட்டு வந்தா வாடிப்போகுதுங்க."

"அது சொந்த விஷயம் ஆக்கும்."

"முருங்கைக்கீரை நீங்க திங்கறதில்லீங்களா? அப்ப பொதுதானுங்களே."

தூக்கத்தார் சொன்னார்: "டவுன் வந்ததும் கண்டக்டரு என்னைய எழுப்போணுமுங்க. கூப்புட்டா எந்திரிக்க மாட்டனுங்க. தோளைப் புடிச்சு உலுக்கோணும். அதையும் சேர்த்து எழுதிப்போடுங்க."

என் யோசனை, சாயங்காலம் இன்னொரு வண்டி வேண்டும் என்பது. கடை முடிந்து நான் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் ஒரு வண்டி போய்விடும். அடுத்ததற்கு நின்று, ஏறி, வீட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டிவிடும். இதைக்கூட மாமா சொந்த விஷயம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, மாமிக்கும் சாயங்காலம் டவுன் கோயிலுக்குப் போய்விட்டு அந்த வண்டியில் திரும்ப ஆசை. மாமி சமையலறையிலிருந்து, "அது பொது" என்றாள். மாமா ஏற்றுக்கொண்டார்.

மாமாவின் யோசனை, வண்டியின் போர்டில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது. இதில் உண்மையிலேயே நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் பலருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. வண்டி வரும்போது அதன் நிறத்தையும் முன்னால் கட்டியிருக்கும் பூமாலையையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். டிரைவர் மாலை வாங்க மறந்த நாளில் இரண்டு பேர் வண்டியை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ்ஸில் போவதே இல்லை. ஆனாலும் அவருக்கும் ஒரு யோசனை இருந்தது.

"ஹாரனைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு. அந்தச் சத்தத்துக்கு மாடு பாலை எக்கிக்குது, சொட்டு எறங்க மாட்டீங்குது."

"இதைப் போய் ஆபீசர்கிட்டச் சொல்றதுங்களா?"

"மாடு போய்ச் சொல்லுமா? நீதான் சொல்லோணும்."

மாமா மனுவைத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று எழுதினார். மொழிக்கொரு மாதிரி அவர் குணம் மாறியது. தமிழில் பணிவாக இருந்தார். மலையாளத்தில் கறாராக இருந்தார். ஆங்கிலத்தில் எங்கள் எல்லோரையும் காணவில்லை, அவர் மட்டும்தான் இருந்தார். அனுப்பிக் கொஞ்ச நாளில் ஆபீசிலிருந்து பதில் வந்தது. பயணிகளின் யோசனைகளைக் கேட்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், நேரில் வரலாம் என்று.

நாலு பேரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு கிளம்பினோம். எந்த வண்டியைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறோமோ அதே வண்டியில்தான் போகவேண்டும், வேறு வண்டி இல்லை. அன்றைக்கென்று அது எலப்புள்ளியைத் தாண்டியதும் டயர் பஞ்சராகி நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிகிற தறுவாயில் இருந்தது. ஆபீசர் நடுவயசு மலையாளி. கோயமுத்தூரில் கொஞ்ச காலம் இருந்தவர் போல, தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"எந்தா, இத்தனை லேட்டாயிட்டு?" என்று கேட்டார்.

நாலு பேரும் ஒரே குரலில், "வண்டி லேட்டுங்க சார்" என்றோம்.

அவர் சிரித்துவிட்டார். சங்கம் ஒரே குரலில் பேசியது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

மாமாதான் பேசுவது, மற்றவர்கள் தலையாட்டுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மாமா எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் கீரைக்கார அக்கா கூடைக்குச் சீட்டுக் கேட்டுவிட்டாள். எங்கே விட்டுப்போய்விடுமோ என்று நானும் மாட்டின் பால் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மாடு வண்டியில வருதோ?" என்று கேட்டார். "இல்லீங்க, ஊட்டுல இருக்குது" என்றேன். அவர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மாமா எப்படியோ ஷெட்டையும் போர்டையும் சாயங்கால வண்டியையும் சொல்லி முடித்தார். "இனி அந்தச் சேட்டன் எந்தாணு பறயுந்நது?" என்று அந்த அண்ணனின் யோசனையையும் கேட்டு ஆபீசர் மூலையைக் காட்டினார். அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்ததில் தூக்கத்தார் உட்கார்ந்த உடனேயே கண்ணை மூடியிருந்தார். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "டவுன் வந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தார்.

"இதுதான் சார் அவரோட யோசனை" என்றேன்.

ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி. எல்லாத்துக்கும் பரிகாரம் உண்டாக்காம்" என்றார். தீர்வு என்பதற்கு மலையாளத்தில் பரிகாரம்.

கீரைக்கார அக்கா பயபக்தியோடு கைகூப்பினாள். "எந்தக் கோயில்லீங்க சாமி? வெளக்குப் போடோணுமா, எண்ணெய் ஊத்தோணுமா?"

ஆபீசருக்கு எங்கள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வரும் வியாழக்கிழமை காலை தானே எங்கள் ஊர் ஷெட்டுக்கு வந்து, எங்களோடு நின்று, அதே வண்டியில் டவுனுக்குப் பயணம் செய்து பார்ப்பதாகச் சொன்னார். "டிரைவரோடும் கண்டக்டரோடும் பறயண்டா. அவங்க தெரிஞ்சா அன்னிக்கு மட்டும் நல்லா ஓட்டும்" என்றார்.

அந்த வியாழக்கிழமைக்காக நாங்கள் செய்த ஏற்பாடு கொஞ்சமில்லை. ஷெட்டைக் கழுவினோம். ஆடுகளை அன்றைக்கு மட்டும் வீட்டில் கட்டக் கீரைக்கார அக்கா ஒத்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர. "அது சினையாடுங்க, புது எடத்துல கட்டுனா மெரளும்" என்றாள். எங்களுக்குத்தான் அது ஷெட், ஆட்டுக்கு அது பழைய இடம். மாமா ஆபீசருக்குப் போர்த்த ஜரிகை போட்ட ஒரு பொன்னாடை வாங்கி வந்தார்.

ஆபீசர் சொன்னபடி ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஷெட்டுக்குள் எங்களோடு நின்றார். மாமா மூன்று மொழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து ஒரு வரவேற்புரை தொடங்கினார். பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு அதை வீசி வீசிப் பேசியதில் அதன் ஒரு முனை ஆட்டின் பக்கம் போயிற்று. ஆடு அதை வாங்கிக்கொண்டு மெல்ல மென்றது. மாமா அதைக் கவனிக்காமல், "ஆகவே மதிப்பிற்குரிய..." என்று அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

அப்போது வண்டியின் சத்தம் கேட்டது.

அடுத்து நடந்ததை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஓடலாம் என்று யாரும் சொல்லவில்லை. வண்டி ஷெட்டைத் தாண்டியது, எங்கள் கால்கள் கிளம்பிவிட்டன. நான் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கூடையோடு கீரைக்கார அக்கா. பின்னால் தூக்கத்தார். எல்லோரையும் முந்திக்கொண்டு, ஆட்டின் வாயிலிருந்து பொன்னாடையைப் பிடுங்கித் தோளில் போட்டபடி கல்பாத்தி மாமா. அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஏறினோம். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மாதக்கணக்கில் கிடைக்காத இடம். ஆகா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் இரண்டு மணி அடித்தார். வண்டி நகர்ந்தது. பக்கத்தில் கீரைக்கார அக்கா என் தோளில் இருந்த எறும்பை எடுத்துப் போட்டுவிட்டு, "அம்முணி, நாம எதையோ மறந்துட்டமில்ல?" என்றாள்.

"கூடை இருக்குதே" என்றேன்.

"கூடை இல்ல. வேற எதோ..."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஷெட்டில் ஆபீசரும் ஆடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஆபீசரு! ஆபீசரு நிக்கறாருங்க!" என்று கத்தினேன்.

"ஏது ஆபீசர்?" என்றார் கண்டக்டர்.

"உங்க ஆபீசரு!"

கண்டக்டரின் முகம் வெளிறிப் போனது. அவர் டிரைவரிடம் ஓடி ஏதோ சொன்னார். டிரைவர் அவசர அவசரமாக வண்டியைப் பின்னால் எடுத்தார். ஷெட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தித் தன் மரியாதையைக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு. ஆனால் அதற்குள் ஆபீசரும் ஏற்றத்தில் ஓட ஆரம்பித்திருந்தார். பின்னால் இறங்கி வருகிற வண்டி தன்மேல் வருகிறது என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினார். வண்டி அவரைத் தாண்டிக் கீழே போனது. அவர் வண்டியைத் தாண்டி மேலே போனார். வண்டி ஷெட்டுக்கு வந்து நின்றது. ஆபீசர் மாமரத்தடிக்குப் போய் நின்றார்.

ஆயிரம் தடவை அந்த வண்டி ஷெட்டில் நிற்காதா என்று ஏங்கியிருக்கிறோம். கடைசியில் அது நின்றபோது, அங்கே ஆட்டைத் தவிர ஏறுவதற்கு ஆளில்லை.

"மேலே போ, மேலே போ!" என்று கண்டக்டர் கத்தினார். டிரைவர் வண்டியை எடுத்தார். வண்டி உறுமியது, குலுங்கியது, கரும்புகை விட்டது, ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்து அந்த ஏற்றத்தில் ஏற அதற்குத் தெம்பில்லை. "அதல்லே ஞான் இவிடெ நிர்த்தாத்தது" என்று டிரைவர் அழுகிற குரலில் சொன்னார். அதனால்தானே நான் இங்கே நிறுத்துவதில்லை என்கிறார். மூன்று மொழியில் மனு எழுதிய எங்களில் ஒருவருக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மேலே ஆபீசர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

"பாருங்கோ, எத்தனை பொறுமையான மனுஷர்! நம்மை நடந்து வரச் சொல்றார்" என்றார் மாமா.

பிறகு ஆபீசர் குதித்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். அவர் எங்களைக் கூப்பிடவில்லை. முசுறு இறங்கிவிட்டது.

வண்டியிலிருந்த எல்லோரும் இறங்கினோம். பாதிப் பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மீதிப் பேர் ஆபீசரை நோக்கி ஓடினோம். முதலில் போய்ச் சேர்ந்த கீரைக்கார அக்கா ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி அவர் முதுகில் படார் படார் என்று அடித்தாள். தூரத்திலிருந்து வண்டி தள்ளுகிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்குமோ. "ஐயோ, யோசனை சொல்லப் போயி ஆபீசரை அடிக்கறாங்களே!" என்று ஒருவர் கத்தினாராம்.

ஒருவழியாக வண்டி காலியாக ஏறி வந்தது. நாங்கள் மறுபடியும் ஏறினோம். என் ஜன்னல் இடம் போய்விட்டது. ஆபீசருக்கும் இடமில்லை. தூக்கத்தார் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்கள் தள்ளியது அவரோடு சேர்த்துத்தான். ஆபீசர் டவுன் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் கீரைக்கட்டு. நிற்கிற மனுசன் கையில் இருந்தால் கீரை வாடாது என்று அக்கா கொடுத்து வைத்திருந்தாள். பதற்றத்தில் இருந்த கண்டக்டர் பழக்க தோஷத்தில் அவரிடமும் போய், "டிக்கெட்... டிக்கெட்..." என்று கையை நீட்டினார். ஆபீசர் கீரைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டார். "அசையாதீங்க சாமி" என்று அக்கா அவர் காலரிலிருந்து கடைசி எறும்பை எடுத்தாள்.

டவுன் ஸ்டாண்டில் இறங்கியதும் மாமா ஓடிப்போய் மிச்சமிருந்த பொன்னாடையைப் போர்த்தினார். ஆபீசர் அதையும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "தினமும் இப்படியோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். இன்னிக்கு நெம்ப நல்லாப் போச்சுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்றைக்கு மழை இல்லை.

அவர் நல்ல மனுசர். கொஞ்ச வாரத்தில் எங்களுக்கு வேறு வண்டி வந்தது. எஞ்சின் நன்றாக இழுக்கிற வண்டி. அது ஷெட்டிலேயே நின்றது, ஏற்றத்தையும் ஏறியது. முதல் சில நாட்கள் வண்டி ஷெட்டில் நின்றபிறகும் நாங்கள் பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்து ஏறினோம். ஆடுகளைப் பற்றிக் கீரைக்கார அக்காவோடு ஒரு சமாதானம் ஏற்பட்டது. வண்டி வரும்வரை ஷெட் எங்களுக்கு, போனபிறகு ஆடுகளுக்கு.

போர்டும் வந்தது. முன்கண்ணாடிக்கு மேலே மலையாளத்துக்குக் கீழே தமிழ், பளிச்சென்று மஞ்சளில். மாமா அதைப் பார்க்க மாமியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டி வளைவில் திரும்பியது. எல்லோரும் படித்தோம்.

'பாலக்காடு – எலிப்புள்ளி' என்று இருந்தது.

மாமா வாயைத் திறந்தவர் மூடவில்லை. மாமிதான், "போனாப் போறது, புலின்னு எழுதாம விட்டானே" என்றாள்.

அந்த வாரமே எங்கள் கடைக்கு ஒரு விவசாயி வந்தார், எங்கள் பக்கத்து ஊர்க்காரர். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். என்ன செய்கிறது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணு கெட்டுப்போச்சு அம்முணி. எங்க பார்த்தாலும் எலி தெரியுது" என்றார்.

"எங்கீங்க தெரியுது?"

"பஸ்ஸுல."

கண்ணுக்கு ஒன்றும் இல்லை, போர்டுதான் அப்படி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கவர்மென்ட் தப்பாக எழுதாது, தன் கண்தான் தப்பாகப் பார்க்கும் என்று உறுதியாக இருந்தார். பரிசோதித்துப் பார்த்ததில் அந்த வயசுக்கு அவ்வளவு நல்ல கண்ணை எங்கள் கடை டாக்டர் பார்த்ததில்லையாம். விவசாயிக்கு வருத்தமாகிவிட்டது. ஒரு வெயில் கண்ணாடியாவது கொடு என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அதைப் போட்டால் போர்டே தெரியவில்லை என்று பிறகு சந்தோஷமாகச் சொன்னார்.

மாமா போர்டுக்காக மறுபடி மூன்று மொழியில் எழுதினார். பெயின்டர் வந்து 'லி'யின் கொக்கியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் போனார். சுரண்டிய இடம் வெறுமையாக இருப்பதால் இப்போது 'எல', கொஞ்சம் மூச்சு, பிறகு 'ப்புள்ளி' என்று இருக்கிறது. கண்டக்டர் சில நாட்கள் அப்படியே விட்டு விட்டுக் கூவுகிறார். மாமா அதற்கும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்ட சாயங்கால வண்டிதான் கடைசியாக வந்தது. ஒரு திங்கட்கிழமை முதல் விடுகிறோம் என்றார்கள், விட்டார்கள். மாமி எனக்கு முன்பே கோயிலிலிருந்து வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் எங்கள் ஊர்த் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்து இறங்கினேன். வீட்டு வாசலுக்கு வந்தால் உள்ளே டிவி சத்தம். ஒரு மருமகள் அழுகிற சத்தம். எங்கள் வீட்டில் சீரியல் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. எனக்கு நேரமில்லை. வீட்டுக்காரரோ, சீரியல் பார்க்கிறவன் மனுசனே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

மெல்ல எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ரிமோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. டிவிக்கு முன்னால் எழுந்து நின்று மறைத்துக்கொண்டார்.

"என்ன இந்நேரத்துக்கே வந்துட்ட? வேலையை விட்டுட்டயா?"

"இல்லீங்க. புது வண்டி."

"எவன் கேட்டான் புது வண்டி?"

"நாந்தான்."

அவருக்குப் பின்னால் மருமகளின் மாமியார் ஏதோ பயங்கரமாகச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். நான் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, பாயை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது. அந்தப் புள்ள ஏன் அழுகுது?"

"அதை ஏங் கேக்கற" என்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவளோட நகையை எடுத்து ஒளிச்சு வெச்சது மாமியாக்காரிதான். அது புருசனுக்கே தெரியாது."